ஆன்லைன் மருந்துக் கடையும் அம்மாயியின் மாத்திரையும்



நான் படிப்பது பி.காம். மருந்தைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு தகுதியும் இல்லை. தகுதி இல்லாத ஒருத்தன் மூன்று மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் மருந்தாளுநர் வேலை பார்த்தான், அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அந்த ஒருத்தன் நான்தான்.

எங்கள் அம்மாயிக்கு 68 வயது. ஒன்பது வருடத்துக்கு முன் இதயத்தில் ஒரு வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அந்த வால்வில் இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். வார்ஃபரின் என்று பெயர். அம்மாயிக்கு சாயங்காலம் ஒரு மாத்திரை, 2 மில்லிகிராம். இந்த மருந்தின் விசேஷம் என்னவென்றால், கொஞ்சம் குறைந்தால் இரத்தம் உறையும், கொஞ்சம் கூடினால் இரத்தம் கசியும். நடுவில் இருக்கும் வரப்பு ரொம்பக் குறுகலானது. அதனால்தான் அடிக்கடி ஐ.என்.ஆர் என்று ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்ப்பார்கள். அம்மாயிக்கு அது 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. கீரை நிறையச் சாப்பிட்டால்கூட அந்தக் கணக்கு மாறும் என்று அம்மாயி கீரையையே அளந்துதான் சாப்பிடும்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எடப்பாடி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் மெடிக்கலில் நூற்றுக்குப் பத்து ரூபாய் குறைப்பார்கள், போனில் வாங்கினால் இருபத்திரண்டு ரூபாய் குறையும்.

அப்பாவின் சர்க்கரை மாத்திரை, அம்மாவின் தைராய்டு மாத்திரை, அம்மாயியின் மாத்திரைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஆர்டர் போட்டேன். மருந்தின் பெயரைத் தட்டியதும் பட்டியல் வந்தது. முதலில் நின்றதைத் தொட்டேன். அது 5 மில்லிகிராம். பெயரைப் பார்த்தேனே தவிர பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்க்கவில்லை.

மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டது. கையில் இல்லை, 'இல்லை' என்று அழுத்தினேன். பரவாயில்லை, எங்கள் டாக்டரே கூப்பிடுவார் என்றது. சாயங்காலம் ஒரு போன் வந்தது. பெயர், வயது கேட்டார்கள். ஐந்தாறு மருந்துப் பெயர்களை ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி கடகடவென்று வாசித்தார்கள். "எல்லாம் ரெகுலரா எடுக்கறதுதானே?" "ஆமாங்க." "ஓகே." அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு ஒரு மருந்துச் சீட்டு வந்து சேர்ந்தது. அம்மாயியைப் பார்க்காத, அம்மாயியின் குரலைக்கூடக் கேட்காத ஒரு டாக்டர், அம்மாயிக்கு எழுதிய சீட்டு. எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் எல்லாரிடமும் காட்டினேன். மொத்தத்தில் 86 ரூபாய் மிச்சம்.

பார்சல் வந்தது. அன்றைக்கு சாயங்காலம் அம்மாயி மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது:

"சாமி, இது வேற கலரா இருக்குதே?"

"கம்பெனி வேற அம்மாயி. மருந்து ஒண்ணுதான். போடு."

இந்த ஆறு வார்த்தையை இன்றைக்கு வரைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு மருந்தாளுநர் கேட்க வேண்டிய கேள்வியை அதுதான் கேட்டது. பி.காம் படிக்கிற பேரன் பதில் சொன்னான் என்பதால் நம்பி விழுங்கிவிட்டது.

பத்து நாளில் பல் விளக்கும்போது இரத்தம் வந்தது. கையில் நீலம் நீலமாகத் திட்டு. தறிச் சட்டத்தில் இடித்துக்கொண்டிருக்கும் என்று அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். பன்னிரண்டாம் நாள் ராத்திரி மூக்கிலிருந்து வழிய ஆரம்பித்தது நிற்கவே இல்லை. சேலத்துக்குக் கொண்டுபோனோம். ஐ.என்.ஆர் 8.6. அங்கிருந்த டாக்டர் அம்மா முதலில் கேட்டது, "மாத்திரை அட்டை கொண்டாந்தீங்களா?" என்றுதான். அட்டையைத் திருப்பிப் பார்த்தவர் என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தார். மாத்திரையை நிறுத்தி, உலோக வால்வு இருப்பதால் கவனமாக அளந்து வைட்டமின் கே கொடுத்து, நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். "மூக்குல வந்துச்சு, தப்பிச்சீங்க. தலைக்குள்ள கசிஞ்சிருந்தா வேற கதை" என்றார்.

தப்பு யாருடையது? முதலில் என்னுடையது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பெனிக்குப் புகார் எழுதினேன், இரண்டு நாளில் பதில் வந்தது: நீங்கள் தேர்ந்தெடுத்த பொருள்தான் அனுப்பப்பட்டுள்ளது, அட்டை பிரிக்கப்பட்டுவிட்டதால் திருப்பி எடுத்துக்கொள்ள இயலாது. எழுத்துக்கு எழுத்து உண்மை. அவர்கள் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். பிரச்சினையே அதுதான்.

வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16. 'வாங்குபவனே, நீ விழிப்பாக இரு' என்பது பொது விதி. அதற்கு ஒரு விலக்கு: என்ன உபயோகத்துக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்த உபயோகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதற்கு நாமெல்லாம் மனப்பாடம் செய்கிற வழக்கு பிரீஸ்ட் எதிர் லாஸ்ட், 1903. ஒரு ஜவுளி வியாபாரி மருந்துக் கடையில் வெந்நீர்ப் பை வாங்குகிறார். பை வெடித்து மனைவிக்குக் காயம். கடைக்காரர்தான் பொறுப்பு என்று தீர்ப்பு. உள் பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். அந்த வழக்கு ஒரு மருந்துக் கடையில் நடந்தது என்பதே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

அதே பிரிவில் ஒரு வால் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால், உபயோகத்துக்கு ஏற்றதா என்ற உத்தரவாதம் கிடையாது. யோசித்துப் பாருங்கள், ஆன்லைனில் நாம் மருந்து வாங்குவதே வணிகப் பெயரைத் தட்டித்தானே? "எங்க அம்மாயிக்கு வால்வு மாத்திரை வேணுங்க" என்று தேடும் கட்டத்தில் எழுத முடியாது. யாருடைய திறமையையும் நம்பி வாங்குகிற வியாபாரமாக அது அமையவே இல்லை. நீதிமன்றம் இதை எப்படிப் பார்க்கும் என்பது வக்கீல்கள் சொல்ல வேண்டியது. ஆனால் 1930-ல் எழுதிய வால் இன்றைக்கு வந்து நம் கழுத்தைச் சுற்றுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அதுவும் போதாதென்று, 'நாங்கள் விற்கவில்லை, விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைக்கிறோம், அவ்வளவே' என்று சொல்ல தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 79-ஆம் பிரிவு வேறு இருக்கிறது.

அம்மாயி வீடு திரும்பியதும் எங்கள் பழைய மெடிக்கலுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த அண்ணன், "என்ன தம்பி, ரெண்டு மாசமா ஆளையே காணோம்? அம்மாயிக்கு ரெண்டு மில்லிகிராம்தானே?" என்றார். சீட்டு இல்லை, கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. அவருக்கு ஞாபகம். நான் 5 கேட்டிருந்தால், "எதுக்கு ஏத்துனாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

உடனே, 'ஓ, இவன் மருந்துக் கடைக்காரர்கள் சங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே அண்ணன்தான் சளி என்று போய் நின்றால் சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் மூன்று மாத்திரை கிழித்துக் கொடுப்பார். சுவரில் கண்ணாடி போட்டு ஒருவருடைய பி.பார்ம் சான்றிதழ் தொங்கும், கல்லாவில் பத்தாவது படித்த வேறொருவர் நிற்பார், இப்படி எத்தனை கடை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். 2018 செப்டம்பர் 28-ஆம் தேதி ஆன்லைன் விற்பனையை எதிர்த்து நாடு முழுக்க மருந்துக் கடைகளை அடைத்தார்கள். அதில் மக்கள் பாதுகாப்பு எவ்வளவு, வியாபாரக் கவலை எவ்வளவு என்று கேட்டால், நானும் ஒரு காமர்ஸ் மாணவன், கணக்குப் போடத் தெரியும் :-)

கணக்கு என்றதும் தள்ளுபடியைப் பற்றி ஒன்று. அரசு உச்ச விலை நிர்ணயிக்கும் மருந்துகளில் சில்லறைக் கடைக்காரருக்கு 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வைத்திருக்கும் லாபம் 16 சதவீதம். 16 சதவீத லாபத்தில் 22 சதவீதம் எப்படிக் குறைக்க முடியும்? மொத்தக் கொள்முதலில் கொஞ்சம் கிடைக்கும். மிச்சம் முதலீட்டாளர் பணம். சென்னையில் தொடங்கிய நெட்மெட்ஸின் தாய்க் கம்பெனியில் 60 சதவீதப் பங்கை 2020-ல் ரிலையன்ஸ் சுமார் 620 கோடிக்கு வாங்கியது. அடுத்த வருடம் 1எம்ஜி டாடாவிடம் போனது. இவ்வளவு பெரிய இடங்கள் போட்டி போடும்போது விலை குறைகிறது, வாஸ்தவம். ஆனால் ஆர்டர் நிற்காமல் ஓட வேண்டும் என்ற அவசரமும் அதோடு சேர்ந்தே வருகிறது. அந்த ஒரு நிமிஷ டாக்டர் போனை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது சோதனை இல்லை, சடங்கு.

சரி, சட்டம் என்ன செய்கிறது? மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டம் 1940-ஐச் சேர்ந்தது, விதிகள் 1945-ஐச் சேர்ந்தவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் 'எச்' பட்டியலில் இருக்கின்றன. உங்கள் வீட்டு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், இடது பக்கம் சிவப்புக் கோடு இருந்தால் அது அந்த வகை. பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் அதைக் கொடுக்க வேண்டும். இந்த விதிகளை எழுதியவர்களுக்கு இன்டர்நெட் தெரியாது. ஆன்லைன் விற்பனைக்கென்று தனி வரைவு விதிகளை மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. பதிவு கட்டாயம், மருந்தாளுநர் சீட்டைச் சரிபார்க்க வேண்டும், விளம்பரம் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது.

அதே வருடம் டிசம்பரில் தமிழ்நாடு மருந்து வணிகர்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில் நீதிபதி புஷ்பா சத்யநாராயணா, விதிகள் இறுதியாகும் வரை ஆன்லைனில் மருந்து விற்கக் கூடாது என்றும், 2019 ஜனவரி 31-க்குள் விதிகளை அறிவியுங்கள் என்றும் உத்தரவிட்டார். சில நாட்களுக்கு முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றமும் தடை போட்டிருந்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போக, சென்னையில் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நிறுத்தி வைத்தது. கடைகள் திறந்தன. விதிகள் வரவில்லை. பிறகு கொரோனா வந்தது; 2020 மார்ச்சில் உரிமம் உள்ள கடைகள் வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அவசர அறிவிப்பு வந்தது. 2023 பிப்ரவரியில் இருபது கம்பெனிகள் அளவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. அந்த வரைவு மட்டும் இன்னும் வரைவாகவே கிடக்கிறது.

இதுவரை நான் சொன்னது முகவரி உள்ள, பெயர் உள்ள கம்பெனிகளைப் பற்றி. முகவரியே இல்லாதவர்கள் கதை தனி. முகவரியை மறைக்கும் இணையதளங்களில் வாங்கிய மருந்துகளில் பாதிக்கு மேல் போலி என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. கோவையிலும் சென்னையிலும் நம் சேலத்திலும் வலி நிவாரண மாத்திரைகளை ஆன்லைனில் மொத்தமாக வரவழைத்து, போதைக்காக விற்ற இளைஞர்களைப் போலீஸ் பிடித்த செய்திகளைப் பேப்பரில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். டேப்பன்டடால் என்ற மாத்திரை. புற்றுநோய் வலிக்கும் ஆபரேஷன் வலிக்கும் கொடுப்பது. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். பிடிபட்டவர்கள் நம் வயதுக்காரர்கள். நம் வகுப்பில் இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இங்கிலாந்தில் 2015-ல் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் உடம்பு இளைக்கும் என்று இணையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு இறந்தார். டி.என்.பி என்ற தொழிற்சாலை ரசாயனம் அது, மருந்தே இல்லை. அமெரிக்காவில் 2001-ல் 18 வயதுப் பையன் ஒருவன் இணையத்தில் வாங்கிய வலி மாத்திரையால் இறந்தான். ஒரு டாக்டர் அவனை நேரில் பார்க்காமலே சீட்டு எழுதியிருந்தார். அவன் பெயரால் 2008-ல் வந்ததுதான் ரயன் ஹெய்ட் சட்டம். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை இணையம் வழியாகத் தருவதற்கு முன் டாக்டர் ஒரு முறையாவது நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எனக்கு வந்த போன் ஞாபகம் வருகிறதா?

இன்னொன்று, எங்கள் ஊர் வெயில். இன்சுலினை 2-லிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சித்திரையில் சேலத்தில் 40 டிகிரி அடிக்கும். பார்சல் சேலத்தில் இறங்கி, சங்ககிரியோ கொங்கணாபுரமோ சுற்றி, டெலிவரி தம்பியின் பையில் தறிக்கொட்டாய்ச் சந்தெல்லாம் அலைந்து மத்தியானம் வந்து சேரும். ஐஸ் பை உருகித் தண்ணீராக இருக்கும். வெந்துபோன இன்சுலின் பார்ப்பதற்கு நல்ல இன்சுலின் மாதிரியேதான் இருக்கும். போட்டுக்கொண்ட பிறகும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் டோஸை ஏற்றுவார்.

கடையில் வாங்கினால் மட்டும் ஒழுங்கா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தால் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் குழந்தைகள் இறந்தார்களே, அது டாக்டர் எழுதி வாங்கிய மருந்து. தமிழ்நாட்டு ஆய்வகச் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலின் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது. சீட்டும் கடையும் இருந்தால் எல்லாம் சரி என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் எந்தத் தொகுப்பு எண், எந்தத் தொழிற்சாலை, எந்தக் கடை என்று தேடிப் பிடித்து நிறுத்த அங்கே ஒரு சங்கிலி இருந்தது. முகவரி இல்லாதவனிடம் வாங்கியதை யார் எங்கே போய்த் தேடுவது?

வீட்டுக்கு மருந்து வருவதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கேதான் வருகிறது. எங்கள் தெருவுக்கு வருகிற அக்கா பிரஷர் பார்த்து, "போன மாசம் மாத்திரை மிச்சம் இருக்குதாங்க பாட்டி?" என்று கேட்டுத்தான் கொடுப்பார். மலைக்கிராமத்திலும் படுக்கையிலும் இருப்பவர்களுக்கு வீட்டு வாசல்தான் ஒரே கடை. விலைக்கு வழி வேண்டுமென்றால் ஜன் அவுஷதி இருக்கிறது, 2025 பிப்ரவரியில் ஆரம்பித்த முதல்வர் மருந்தகங்கள் இருக்கின்றன. ஆன்லைனை மூடச் சொல்வது என் கோரிக்கை இல்லை. கேள்வி கேட்க ஒரு ஆளை வைத்தாக வேண்டும், அந்த ஆள் பெயரும் பதிவு எண்ணும் பில்லில் இருக்க வேண்டும், வார்ஃபரின் மாதிரி ஆபத்தான மருந்தின் அளவு போன தடவையிலிருந்து மாறியிருந்தால் ஆர்டர் அங்கேயே நிற்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு இது ஒரு பெரிய வேலையா? நான் ஒரு தடவை ஷூ பார்த்தால் மூன்று மாதம் ஷூவாகக் காட்டத் தெரிகிற கம்ப்யூட்டர்தானே அது.

இப்போது வீட்டில் மாத்திரை வாங்கும் பொறுப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். காலி அட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவே போகிறார். அம்மாயி தினமும் மாத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறது, நான் பக்கத்தில் இருந்தால் என்னிடமும் காட்டும். வேண்டுமென்றே செய்கிறதா தெரியவில்லை.

எங்கள் மாமா மட்டும் இன்னும் போனில்தான் வாங்குகிறார். அவரோடு மூன்று வாரமாகச் சண்டை. "உனக்கு நம்பர் படிக்கத் தெரியலைன்னா அதுக்குக் கம்பெனி என்னடா பண்ணும் மாப்ள?" என்கிறார். நேற்று ராத்திரி வந்து உட்கார்ந்தார், ரொம்ப நேரம் தறிக் கூலியைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, "இதுல எவ்ளோ மில்லிகிராம்னு போட்டுருக்குது, பாத்துச் சொல்லு" என்றார்.